சத்தம் ஏறுது, வண்டி ஏறலை! கிளட்ச் கோளாறுக்கு இன்ஜினைப் பிரிக்கணுமா?

கேள்வி: ''2003-ம் ஆண்டு மாடல் ஸ்ப்ளெண்டர் வைத்திருக்கிறேன். தினமும் காலை, மாலை இரு வேளையும் இரண்டு கேன்களில் பால் எடுத்துக்கொண்டு ஐந்து கிலோமீட்டர் தூரத்தில் உள்ள சொசைட்டிக்குப் போகிறேன். ஒரு மாதமாக ஏரிக்கரை மேட்டில் வண்டி ஏற மறுக்கிறது. ஆக்சிலேட்டரைத் திருகினால் சத்தம்தான் வருகிறது. இரண்டு முறை நேரம் முடிந்த பிறகு போய்ச் சேர்ந்து, பாலைத் திருப்பிக்கொண்டு வந்தேன். பட்டறையில் காட்டியதில், 'இன்ஜின் வேலை, 9,000 ரூபாய் ஆகும். அதற்குப் புது வண்டியே எடுத்துவிடலாம்' என்கிறார்கள். மனைவியின் சங்கிலியை அடகு வைத்து முன்பணம் கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம். ஒரு வழி சொல்லுங்கள்.''

- பால் உற்பத்தியாளர், அந்தியூர், ஈரோடு மாவட்டம்.

பதில்: கோபிசெட்டிபாளையம் பகுதியில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருசக்கர வாகனப் பட்டறை நடத்தி வரும் மூத்த மெக்கானிக் ஒருவரிடம் இந்தக் கேள்வி கொண்டுபோகப்பட்டது. அவர் வாசகரைத் தொலைபேசியில் அழைத்து முதலில் கேட்டது இதைத்தான்... ''ஏனுங்க, மேட்டுல ஏறும்போது இன்ஜின் சத்தம் ஏறுதுங்களா, இல்ல சத்தமே அமுங்கிப் போகுதுங்களா?''

''சத்தம் நல்லா ஏறுதுங்க. வண்டிதான் ஏறலை'' என்றார் வாசகர்.

''அப்படின்னா சங்கிலியை இப்போதைக்குப் பெட்டியிலயே வைங்க. இன்ஜினுக்கு உசுரு இருக்கு. அந்த சக்தி சக்கரத்துக்குப் போய்ச் சேரலை. மொதல்ல கிளட்சைப் பார்ப்போம்'' என்றார் மெக்கானிக்.

சத்தத்தை வைத்தே தெரிந்துகொள்ளலாம்

வண்டி இழுக்கவில்லை என்றால் எல்லாமே கிளட்ச் கோளாறு ஆகிவிடாது. எல்லாமே இன்ஜின் கோளாறும் ஆகிவிடாது. இரண்டையும் பிரித்துப் பார்க்க, சத்தத்தைக் கவனித்தாலே போதும்.

ஆக்சிலேட்டரைத் திருகும்போது இன்ஜின் சத்தம் சட்டென்று ஏறி, வண்டியின் வேகம் மட்டும் ஏறாமல் இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். மேட்டில் ஏறும்போதும், பாரம் இருக்கும்போதும், டாப் கியரிலும் இது நன்றாகத் தெரியும். கருகல் வாடையும் சேர்ந்து வந்தால் சந்தேகமே வேண்டாம். பெட்ரோலும் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் குடிக்கும்.

சத்தமே ஏறாமல் இன்ஜின் திணறினால், பார்க்க வேண்டியது வேறு இடம். ஏர் ஃபில்டரில் தூசி அடைத்திருக்கலாம், ஸ்பார்க் பிளக் பழுதாகியிருக்கலாம், கார்புரேட்டரில் அடைப்பு இருக்கலாம், இன்ஜினில் கம்ப்ரஷன் குறைந்திருக்கலாம். பின் பிரேக் பிடித்துக்கொண்டிருந்தாலும் வண்டி இழுக்காது. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தால் பிரேக் பிடித்திருப்பது தெரிந்துவிடும்.

கிளட்சில் இன்னொரு வகைக் கோளாறும் உண்டு. லீவரை முழுவதும் பிடித்த பிறகும் வண்டி முன்னால் நகரும். கியர் விழுவது கடினமாக இருக்கும். வண்டி நிற்கும்போது நியூட்ரல் கிடைக்காது. இது வழுக்கலுக்கு நேர் எதிரானது. கிளட்ச் முழுவதும் பிரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

உள்ளே என்ன நடக்கிறது?

இந்த வகை வண்டிகளில் கிளட்ச் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வட்டத் தட்டுகள்தான். உராய்வுப் பொருள் ஒட்டிய தட்டு ஒன்று, இரும்புத் தட்டு ஒன்று என்று மாற்றி மாற்றி அடுக்கியிருக்கும். ஒரு வகைத் தட்டுகள் இன்ஜினோடும், மறு வகைத் தட்டுகள் கியர் பெட்டியோடும் சுற்றும். ஸ்பிரிங்குகள் அத்தனை தட்டுகளையும் சேர்த்து அழுத்திப் பிடித்திருப்பதால், இன்ஜினின் சக்தி சக்கரத்துக்குப் போகிறது. லீவரைப் பிடித்தால் கேபிள் இழுபட்டு, ஸ்பிரிங் அமுங்கி, தட்டுகள் விலகுகின்றன. விட்டால் மறுபடியும் சேர்ந்துகொள்கின்றன.

ஆக, கிளட்ச் வழுக்குவதற்குக் காரணங்கள் நான்குதான். கேபிள் இழுத்துப் பிடித்திருப்பதால் தட்டுகள் முழுவதும் சேராமல் இருக்கலாம். ஆயில் பொருந்தாமல் இருக்கலாம். தட்டுகள் தேய்ந்திருக்கலாம். ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். இதில் முதல் இரண்டையும் இன்ஜினைத் தொடாமலேயே பார்த்துவிடலாம்.

முதல் சோதனை: லீவரின் தளர்வு

லீவரை மெதுவாக இழுத்தால், தொடக்கத்தில் கொஞ்ச தூரம் எந்தப் பிடிப்பும் இல்லாமல் வர வேண்டும். அதன் பிறகுதான் ஸ்பிரிங்கின் எதிர்ப்பு கைக்குத் தெரிய வேண்டும். இந்தத் தளர்வைத்தான் 'ஃப்ரீ பிளே' என்கிறார்கள். ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டிகளில் லீவரின் நுனியில் அளந்தால் 10 முதல் 20 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மற்ற வண்டிகளுக்கு அதனதன் கையேட்டில் உள்ள அளவைப் பின்பற்றுவது நல்லது.

அந்தியூர் வாசகர் ஸ்கேலை வைத்துப் பார்த்தபோது, அவருடைய வண்டியில் தளர்வே இல்லை. ''லீவர் லொடலொடன்னு இருந்துச்சுங்க. நான்தான் ரெண்டு மாசத்துக்கு முன்னால டைட் பண்ணினேன்'' என்றார்.

பலரும் செய்யும் தவறு இதுதான். லீவர் 'கிண்'ணென்று இருந்தால்தான் கிளட்ச் நன்றாக இருக்கிறது என்று நினைத்து, நட்டைத் திருகிவிடுகிறார்கள். உண்மையில், ஓட்டுநர் நாள் முழுக்க லீவரைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டே ஓட்டுவதற்குச் சமம் அது. தட்டுகள் எப்போதும் அரைகுறையாகத்தான் சேர்ந்திருக்கும். உரசி உரசிச் சூடேறித் தேயும். தட்டு தேயத் தேய, இந்த வண்டிகளில் தளர்வு இன்னும் குறையும். அதனால், ஒரு முறை சரியாக வைத்துவிட்டு மறந்துவிடக் கூடாது. மாதம் ஒரு முறையாவது பார்க்க வேண்டும்.

சரி செய்வது எளிது. இன்ஜினின் வலது பக்கம், கேபிள் வந்து சேரும் இடத்தில் இரண்டு நட்டுகள் இருக்கும். லாக் நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்டர் நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, லீவர் நுனியில் அளவு வந்ததும் லாக் நட்டை இறுக்கிவிட வேண்டும். பிறகு ஹேண்டில்பாரை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பி, இரண்டு பக்கமும் தளர்வு மாறாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் திருப்பும்போது தளர்வு காணாமல் போனால், கேபிள் எங்கோ சிக்கி இழுபடுகிறது என்று அர்த்தம்.

இரண்டாவது சோதனை: கேபிள்

லீவர் கனமாக இருந்தாலோ, பிடித்து விட்டால் தானாகத் திரும்பி வராமல் இருந்தாலோ கேபிளைச் சந்தேகிக்க வேண்டும். விவசாயிகளின் வண்டியில் கேபிள் சீக்கிரம் கெடுவதற்குக் காரணம் உண்டு. பெட்ரோல் டாங்க் மேல் யூரியா, பொட்டாஷ் மூட்டைகளை வைத்துக் கொண்டுபோகிறோம். அந்த உப்பும் ஈரமும் உறைக்குள் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். கேனுக்காகவும் மூட்டைக்காகவும் அடித்துப் பொருத்திய கம்பிச் சட்டம் கேபிளை நசுக்குவதும் உண்டு.

லீவர் பக்க முனையைக் கழற்றிப் பார்த்தால், ஓர் இழை பிரிந்திருந்தாலும் தெரியும். ஓர் இழை போனால் மற்றவையும் தொடர்ந்து போகும். அதற்கு எண்ணெய் விட்டுப் பயனில்லை, மாற்றிவிட வேண்டும். புதுக் கேபிளின் விலை சில நூறு ரூபாய்க்குள்தான். இழைகள் நன்றாக இருந்து, வறண்டு மட்டும் போயிருந்தால், கழற்றிய முனையைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் பையின் மூலையைக் கூம்பு போல கட்டி, கொஞ்சம் புது இன்ஜின் ஆயிலை ஊற்றித் தொங்கவிட்டால், அது மெதுவாக உள்ளே இறங்கிவிடும். லீவர் திரும்பும் போல்ட்டிலும் கொஞ்சம் கிரீஸ் தடவ வேண்டும்.

அந்தியூர் வண்டியின் கேபிளில் இரண்டு இழைகள் பிரிந்திருந்தன.

மூன்றாவது சோதனை: ஆயில்

''என்ன ஆயில் ஊத்தறீங்க?'' என்று கேட்டதற்கு, ''டிராக்டருக்கு வாங்கினதுல மீதி இருந்துச்சுங்க. ரெண்டு தடவையா அதைத்தான் ஊத்தறேன். டிராக்டருக்கே தாங்குது, இதுக்குத் தாங்காதுங்களா?'' என்றார் வாசகர்.

நியாயமான கேள்விதான். ஆனால், பெரும்பாலான டிராக்டர்களில் கிளட்ச் இன்ஜினுக்கு வெளியே, ஆயில் படாமல் வறட்டு நிலையில் இருக்கிறது. இன்ஜின் ஆயிலுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. பெரும்பாலான நான்கு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்களில் அப்படி இல்லை. இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றுமே ஒரே ஆயிலில்தான் குளிக்கின்றன. அந்த ஆயில் இன்ஜினையும் கியரையும் தேயாமல் காக்க வேண்டும். அதே நேரத்தில் கிளட்ச் தட்டுகளை வழுக்கவிடவும் கூடாது.

இதற்காகவே சோதிக்கப்பட்ட ஆயில்களின் டப்பாவில் 'ஜாசோ எம்.ஏ' அல்லது 'எம்.ஏ-2' என்ற குறியீடு இருக்கும். 'ஜாசோ எம்.பி' என்று இருந்தால் அது கியர் இல்லாத ஸ்கூட்டர்களுக்கானது. உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்த்த கார் ஆயில்களை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். டீசல் இன்ஜின் ஆயில் எல்லாமே வழுக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால், இந்தக் கிளட்சில் சோதித்துப் பார்த்தது என்ற உறுதி அதில் இல்லை. மீதியான ஆயிலில் நூறு, இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய்க் கிளட்சை இழப்பதில் லாபம் இல்லை. ஆயிலின் தடிமன் எண்ணை வண்டியின் கையேட்டில் பார்த்து வாங்க வேண்டும்.

அளவும் முக்கியம். வண்டியைச் சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, மூன்று நிமிடங்கள் இன்ஜினை ஓடவிட்டு அணைத்து, மேலும் இரண்டு, மூன்று நிமிடங்கள் கழித்துப் பார்க்க வேண்டும். ஸ்ப்ளெண்டர் வகை வண்டிகளில் ஆயில் குச்சியைத் துடைத்து, மரையைத் திருகாமல் சும்மா செருகி எடுத்துப் பார்ப்பதுதான் முறை. இரண்டு கோடுகளுக்கு இடையில் ஆயில் இருக்க வேண்டும். ஆயில் பால் கலந்த டீ போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வாய்க்கால், ஓடையில் இறக்கி ஓட்டிய வண்டிகளில் இது நடக்கும். அதை உடனே மாற்றிவிட வேண்டும்.

வடித்த பழைய ஆயிலைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்ற வேண்டாம். கேனில் பிடித்துப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

எப்போது பிரிக்க வேண்டும்?

மெக்கானிக் சொன்னபடி, வாசகர் புதுக் கேபிள் போட்டு, 15 மில்லிமீட்டர் தளர்வு வைத்து, 'எம்.ஏ' குறியீடு உள்ள ஆயிலை மாற்றினார். சமதளத்தில் வண்டி பழையபடி ஓடியது. ஆனால், ஒரு வாரம் கழித்தும் பால் கேன்களோடு ஏரிக்கரை மேட்டில் ஏறும்போது மட்டும் வழுக்கல் இருந்தது.

''இத்தனை நாள் வழுக்க வழுக்க ஓட்டியிருக்காரு. தட்டு தேய்ஞ்சிருக்கும். இப்போ பிரிச்சுப் பார்க்கறதுதான் நியாயம். ஆனா, பிரிக்க வேண்டியது வலது பக்க மூடியை மட்டும்தான். பிஸ்டன், ஹெட் எதையும் தொட வேண்டியதில்லை'' என்றார் மெக்கானிக்.

பிரிக்கும்போது பக்கத்தில் இருந்து கவனிக்க வேண்டியவை:

* உராய்வுத் தட்டுகள் கருகியிருந்தாலோ, கையேட்டில் சொன்ன தடிமனுக்குக் கீழே தேய்ந்திருந்தாலோ முழு செட்டாக மாற்ற வேண்டும். ஒன்றிரண்டை மட்டும் மாற்றுவது வீண்.

* இரும்புத் தட்டுகள் நீல நிறமாக மாறியிருந்தால் அதிகச் சூடு பட்டிருக்கிறது. கண்ணாடி மேல் வைத்துப் பார்த்தால் வளைந்திருப்பது தெரியும். வளைந்தவற்றை மாற்ற வேண்டும். நேராக இருந்தால் திரும்பப் பயன்படுத்தலாம்.

* ஸ்பிரிங்குகளின் நீளம் குறைந்திருந்தால் எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

* தட்டுகள் செருகியிருக்கும் ஹவுசிங்கின் பள்ளங்களில் விரலை ஓட்டிப் பார்த்தால் வெட்டு விழுந்திருப்பது தெரியும். ஆழமான வெட்டு இருந்தால் புதுத் தட்டும் சிக்கிக்கொண்டு சரியாகப் பிரியாது.

* புது உராய்வுத் தட்டுகளைப் பொருத்துவதற்கு முன், புது இன்ஜின் ஆயிலில் சில மணி நேரம் ஊறவைக்க வேண்டும். வறட்டுத் தட்டைப் போட்டால் ஆரம்பத்திலேயே கருகும்.

* ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். மூடியின் பேக்கிங்கைப் புதிதாகப் போட வேண்டும். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.

அந்தியூர் வண்டியில் உராய்வுத் தட்டுகள் தேய்ந்திருந்தன. இரும்புத் தட்டு ஒன்று நீலமாகியிருந்தது. ஸ்பிரிங்குகளையும் சேர்த்து மாற்றினார்கள். ஹவுசிங் நன்றாக இருந்தது. கேபிள், ஆயில், தட்டுகள், கூலி எல்லாம் சேர்ந்து 2,000 ரூபாய்க்குள் முடிந்தது. இப்போது மேட்டில் வண்டி ஏறுகிறது, பால் நேரத்துக்குப் போய்ச் சேருகிறது என்று வாசகர் தெரிவித்திருக்கிறார். தளர்வே இல்லை என்பதை இரண்டு மாதங்களுக்கு முன்பே பார்த்திருந்தால், தட்டுகளும் தப்பியிருக்கும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மறுபடியும் வராமல் இருக்க...

ஸ்ப்ளெண்டர் வகை வண்டியின் தாங்கும் அளவு, ஓட்டுபவரையும் சேர்த்து சுமார் 130 கிலோதான். 40 லிட்டர் கேன்கள் இரண்டு நிரம்பினால் பால் மட்டுமே 82 கிலோ. கேன்களின் எடையும், 65 கிலோ ஆளும் சேர்ந்தால் 150 கிலோவைத் தாண்டிவிடும். முடிந்தால் சுமையைக் குறைக்க வேண்டும். முடியாவிட்டால், மேடு தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். பாதி மேட்டில் லீவரை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரைத் திருகுவதுதான் தட்டுகளைக் கருக்கும். இரண்டாவது கியரில் வண்டியைக் கிளப்புவது, ஓட்டும்போது விரல்களை லீவர் மேலேயே வைத்திருப்பது, இந்த இரண்டு பழக்கங்களையும் விட்டுவிட வேண்டும்.

நடுவழியில் கேபிள் அறுந்தால்?

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டியது இது. முதலில் சுமையையும், பின்னால் உட்கார்ந்திருப்பவரையும் இறக்கிவிட வேண்டும். நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, லேசான இறக்கத்தில் காலால் உந்தி வண்டி உருளத் தொடங்கியதும் முதல் கியரைப் போட வேண்டும். லேசாகக் குலுங்கிக் கிளம்பும். அடுத்த கியருக்கு மாறும்போது ஆக்சிலேட்டரை முழுவதும் விட்டு, அதே நொடியில் கியரை அழுத்த வேண்டும். நிறுத்துவதற்கு, வேகத்தைக் குறைத்து, நிற்பதற்கு முன்பே நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டும். ஆள் நடமாட்டம் குறைந்த சாலையில், பக்கத்துப் பட்டறை வரை மட்டுமே இதைச் செய்யலாம். சந்தை நாளில் கடைவீதி வழியாக வர வேண்டியிருந்தால் தள்ளிக்கொண்டு வருவதுதான் பாதுகாப்பு.

கேள்வி: ''அப்பா காலத்து ஆர்.எக்ஸ்.100 இருக்கிறது. சில நாள்கள் எடுக்காமல் வைத்திருந்து ஸ்டார்ட் செய்து முதல் கியர் போட்டால், லீவரைப் பிடித்திருந்தும் முன்னால் பாய்கிறது. கிளட்ச் மாற்ற வேண்டுமா?''

- மஞ்சள் விவசாயி, பவானி, ஈரோடு மாவட்டம்.

பதில்: உடனே மாற்ற வேண்டியதில்லை. நாள் கணக்கில் நின்ற வண்டியில் தட்டுகள் ஆயில் பசையால் ஒட்டிக்கொள்ளும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் கியரில் போட்டு, லீவரை முழுவதும் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் தட்டுகள் பிரிந்துவிடும். சூடேறிய பிறகும் பாய்ச்சல் நீடித்தால், லீவரின் தளர்வு அளவுக்கு மீறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இது இரண்டு ஸ்ட்ரோக் வண்டி. இதில் கிளட்ச் தனியாகக் கியர் ஆயிலில் ஓடுகிறது. பெட்ரோலோடு எரியும் 2டி ஆயில் கிளட்ச் பக்கம் வருவதில்லை. பலர் 2டி ஆயிலை மட்டும் தவறாமல் ஊற்றிவிட்டு, கியர் ஆயிலை ஆண்டுக்கணக்கில் மறந்துவிடுகிறார்கள். கியர் ஆயில் குறைந்துகொண்டே வந்து, சைலன்சரில் வெள்ளைப் புகையும் அதிகமாக இருந்தால், கிளட்ச் பக்கத்துக் கிராங்க் ஆயில் சீல் போயிருக்க வாய்ப்பு அதிகம். அதைக் கவனிக்காமல் விட்டால் கியரும் கிளட்சும் வறண்டுபோகும்.

கேள்வி: ''டி.வி.எஸ் எக்ஸ்.எல் வண்டியில் புல் கட்டு ஏற்றிப் போகிறேன். இதில் கிளட்ச் லீவரே இல்லையே, கிளட்ச் கெடுமா?''

- ஆடு வளர்ப்பவர், ஓமலூர், சேலம் மாவட்டம்.

பதில்: லீவர் இல்லையே தவிர, கிளட்ச் உண்டு. இன்ஜின் வேகமெடுக்கும்போது உள்ளே இருக்கும் கட்டைகள் விரிந்து, சுற்றியுள்ள டிரம்மைப் பிடித்துக்கொள்ளும். வேகம் குறைந்தால் ஸ்பிரிங் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். முன்பைவிட அதிகமாக ஆக்சிலேட்டரைத் திருகினால்தான் வண்டி நகர்கிறது என்றால் கட்டைகள் தேய்ந்திருக்கின்றன. ஆக்சிலேட்டரைத் தொடாமலே வண்டி நகர்ந்தால், முதலில் ஐடிலிங் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். அதிலும் நிற்கவில்லை என்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். பாரத்தோடு மேட்டில் நிற்கும்போது ஆக்சிலேட்டராலேயே வண்டியைத் தாங்கிப் பிடிக்கக் கூடாது, பிரேக்கால் பிடியுங்கள். இந்தப் பழக்கம் ஒன்றே கிளட்சின் ஆயுளைக் கூட்டும்.

வாகனம், பம்ப் செட், பண்ணைக் கருவிகள் குறித்துக் கேள்வி அனுப்பும் வாசகர்கள், மாடல் ஆண்டு, கடைசியாக ஆயில் மாற்றிய மாதம், கோளாறு எந்த நேரத்தில் வருகிறது என்ற மூன்றையும் சேர்த்து எழுதினால், சரியான பதில் சொல்ல உதவியாக இருக்கும்.